தூக்கிட்டு விண்டோஸ் போடுங்க சார்!

லினக்ஸ் லேப்டாப் வைத்திருப்பவனுக்கு எது மக்கர் செய்தாலும் ஊரில் ஒரே பதில்தான்: "அதத் தூக்கிட்டு விண்டோஸ் போடுங்க சார்." பிரச்சினை என்ன என்று முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். இத்தனைக்கும் லினக்ஸ் இங்கே யாரும் காணாத பொருளா? 2011-இல் அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியிலேயே விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்துதானே வந்தது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்த பிள்ளைகளைத்தான் காணோம்.

என் வெளி ஹார்டு டிஸ்கில் சேர்வராயன் கோயில் திருவிழாப் படங்கள் இருக்கின்றன. காப்பி போட்டால் பாதியில் நின்று, ஃபோல்டரே காலியாகிவிடும். கரண்டைக் குறை சொன்னார்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டினாலும் அதே கதை. சேலத்துக் கடைத் தம்பி டிஸ்கைக் கையில்கூட வாங்கவில்லை.

அட, கேட்டால்தான் லினக்ஸே வாய் திறந்து சொல்லுமே! டிமெசெஜ் என்று டெர்மினலில் அடித்தேன். 'யுஎஸ்பி டிஸ்கனெக்ட்' என்று ஒரு வரி, அதற்குப் பிறகுதான் 'ஐ/ஓ எரர்' வரிசை. அதாவது முதலில் இணைப்பு அறுந்திருக்கிறது. படிக்க முடியாமல் போனது அப்புறம். டிஸ்கைச் சோதிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் போட்டதில் கெட்ட செக்டர் ஒன்றுகூட இல்லை. பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லியாம்பியர், நீலநிற 3.0 தருவது 900. டிஸ்கின் மோட்டார் சுழலத் தொடங்கும்போது அதற்கு மேலேயே இழுக்கும். நடுவில் நைந்த கேபிள் வேறு இருந்தால் கேட்கவா வேண்டும்! பக்கத்து வீட்டுக் கேபிளை மாட்டினேன், துண்டிப்பு நின்றது.

ஆனாலும் பெரிய வீடியோ என்றால் உறைந்துபோனது. இது யுஏஎஸ் சமாச்சாரம். வேகமாக அனுப்பும் முறை. சில டிஸ்க் பெட்டிகளின் சிப்புக்கு அது ஒத்துவராது. ஏற்காட்டுப் பெரிய பாதையில் மண் சரிந்தால் வண்டிகளையெல்லாம் எங்கள் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவார்களே, அந்த மாதிரி 'யுஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ்' என்று கர்னலுக்கு ஒரு வரி எழுதி, பழைய முறைக்கே திருப்பிவிட்டேன். கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது, ஆனால் போய்ச் சேர்கிறது.

அக்கா மகன் டிஸ்கை அவன் விண்டோஸில் செருகிவிட்டுக் கொடுத்தான். என் லினக்ஸ் அதில் மறுபடி எழுத விடவில்லை. அங்கே 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் முழுதாக அணையாது, டிஸ்கைப் பாதியிலேயே பிடித்து வைத்திருக்கும். அதற்கும் பழி லினக்ஸ் தலையில்தான். அந்த வசதியை அணைத்துவிட்டு, அங்கேயே ஒழுங்காக ஷட்டவுன் செய்து கொண்டுவா என்றால், "மாமா, என் லேப்டாப்ல நல்லாத்தானே ஓடுது?" என்கிறான்.

பக்கத்து வீட்டுக்காரர் கேபிளைத் திருப்பிக் கேட்கிறார். குட்டையாய் ஒன்று வாங்கலாமென்று அயோத்தியாப்பட்டணத்தில் கேட்டால் செல்போன் சார்ஜர் வயரை நீட்டுகிறார்கள். முனை அகலமாய், இரண்டு பிரிவாய் இருக்குமே என்று டிஸ்கையே எடுத்துக் காட்டினேன். புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கேபிளுக்குப் போய் எதுக்கு அலையுறீங்க? புது டிஸ்கே வாங்கிருங்களேன்" என்றார் கடைக்காரர்.