விஷம் புறப்படும் வாசலில் காவல் வை!

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூன் மாதம் 65 உயிர்களுக்கு மேல் பலியாயின. மாண்டவர்களில் மிகப் பலர் அன்றாடம் கூலிக்குப் போய் அடுப்பெரித்தவர்கள். பெண்களும் அவர்களில் உண்டு.

சாராயம் கொன்றது என்கிறார்கள். அது பாதி உண்மை. கொன்றது மெத்தனால். வார்னிஷுக்கும் பெயிண்டுக்கும் பிளைவுட் பசைக்கும் பயன்படும் ஆலைச் சரக்கு அது. உடலுக்குள் போனால் பார்மிக் அமிலமாக மாறும். கண் நரம்பைக் கெடுக்கும். பிறகு உயிரையே குடிக்கும். நாக்குக்கும் மூக்குக்கும் அது வேறென்று தெரியாது.

கல்வராயன் மலையில் வெல்லமும் மரப்பட்டையும் ஊறவைத்துக் காய்ச்சுவது பழைய கதை. உழைப்பவன் கூலியைத் தின்னும் எந்தச் சாராயத்துக்கும் நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் மெத்தனால் மலையடுப்பில் பிறப்பதல்ல. ரசாயன ஆலையில் பிறந்து, டாங்கர் லாரியில் ஏறி, ரசீதோடு கைமாறும் சரக்கு அது. ஊறல் பானையை உடைத்துவிட்டால் இந்த விஷம் நின்றுவிடுமா?

சட்டம் இல்லாமலா போயிற்று? 1919ஆம் ஆண்டு விஷப் பொருள் சட்டம் இருக்கிறது. மெத்தில் ஆல்கஹாலுக்கும் 1959ஆம் ஆண்டு மாநில விதிகள் இருக்கின்றன. லைசென்ஸ் உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு. இருந்தும் 2023 மே மாதம் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20 பேருக்கு மேல் இதே விஷத்தால் மாண்டனர். ஓராண்டில் கருணாபுரம்!

சாவுக்குப் பின் சர்க்கார் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் கொடுத்தது. மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தி ஆயுள் தண்டனை வரை விதித்தது. தண்டனை வேண்டியதே. ஆனால் அது பிணம் விழுந்த பிறகு வருவது. நமக்கு வேண்டியது விழாமல் காப்பது.

1984இல் போபால் மடிந்தது. 1989இல் அபாய ரசாயன விதிகள் வந்தன. ரசாயனங்களைப் பதிவு செய்யும் விதிகளுக்கு 2020இல் வரைவு எழுதினார்கள். ஆண்டுகள் பல அது வரைவாகவே கிடந்தது. ஐரோப்பாவிலோ 2007 முதல், தன் சரக்கின் கெடுதலைச் சோதித்துப் பதிவு செய்வது ஆலை முதலாளியின் பொறுப்பு. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

அச்சுத் தாளில் வடை கட்டிக் கொடுக்கக் கூடாதென்று 2018ஆம் ஆண்டு உணவு விதி சொல்கிறது. நல்ல விதிதான். வடைக்காரரிடம் காட்டும் கண்டிப்பை டாங்கர்காரரிடமும் காட்டுங்கள் என்கிறோம்.

நாம் கோருவது இவை: மெத்தனால் ஒவ்வொரு லிட்டரும் ஆலை வாசலிலிருந்து கடைசிக் கைவரை கணக்கில் இருக்க வேண்டும். மூடிய ஆலைகளில் கிடக்கும் சரக்கைச் சர்க்கார் கைப்பற்ற வேண்டும். பீப்பாயில் என்ன இருக்கிறதென்று தமிழில் எழுதி, அதைத் தூக்கும் தொழிலாளிக்குச் சொல்ல வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிகளில் மாற்று மருந்து இருக்க வேண்டும். மலை மக்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி பட்டாவும், சாலையும், வேலையும் வேண்டும்.

ஆலைத் தோழர்களே! சரக்கு வெளியேறும் கேட்டை நீங்கள் அறிவீர்கள். விவசாயத் தொழிலாளர்களே! அது வந்து சேரும் சேரியை நீங்கள் அறிவீர்கள். இரு முனையிலும் நாம் விழித்திருந்து, ஒரே குரலில் கேட்டால், நடுவில் விஷத்துக்கு வழியிராது.