கைகள் கூடின, சுவர்கள் வீழவில்லை!

செர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரிலே, 1999-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், கத்தோலிக்கத் திருச்சபையினரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பினரும் ஓர் அறிக்கையில் ஒப்பமிட்டனர். மனிதன் மீட்படைவது எதனாலே என்ற வினாவுக்கு இரு சாராரும் கூறும் விடை அடிப்படையில் ஒன்றே என்றனர். 2016-இல் சுவீடனின் லூண்ட் தேவாலயத்திலே, போப் பிரான்சிசு லூத்தரன் தலைவர்களுடன் நின்று வழிபட்டார். கைகள் கூடின, கட்டித் தழுவினர், காலமெல்லாம் இருந்த கசப்பு நீங்கிற்று என்றனர்.

நல்லது! பகைத்தவர் பகை மறக்கக் கண்டு மகிழாதவன் மனிதனல்லன். மகிழ்கிறோம். மகிழ்ந்தபின் ஒன்று கேட்கிறோம்: விடை ஒன்றேயெனில், அந்த விடையின் பெயரால் வெட்டுண்டு வீழ்ந்தோருக்கு விடை கூறுவோர் யார்?

1517-இல் விட்டன்பர்க்கிலே பாவமன்னிப்புச் சீட்டு வாணிபத்தை எதிர்த்து லூத்தர் எழுந்தார். 1572 ஆகஸ்டில் பாரிசு வீதிகளில் புராட்டஸ்டண்டுகள் ஆயிரக்கணக்கில் கொன்று குவிக்கப்பட்டனர். சேதி கேட்ட போப் பதின்மூன்றாம் கிரிகோரி என்ன செய்தார்? அழுதாரா? ஆண்டவனுக்கு நன்றிப் பாடல் பாடச் செய்தார். நினைவுப் பதக்கமும் வார்ப்பித்தார்! 1618 முதல் 1648 வரை முப்பதாண்டுப் போர் செர்மானிய நாட்டைச் சுடுகாடாக்கிற்று. அரசர்களின் ஆசையும் அதிலே கலந்திருந்தது. ஆயினும் அந்த ஆசைக்குத் திருநீராட்டு நடத்தித் தந்தவர் குருமார்களே! தேர்வுத் தாளைத் திருத்தி முடிக்க 482 ஆண்டுகள். அதற்குள் தேர்வு எழுதியவர்கள் பிணமாகிவிட்டனர்!

இவ்விரு சபைகளும் அதுவரை எதிலுமே ஒன்றுபட்டதில்லை என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! ஒன்றுபட்டதுண்டு. மைக்கேல் செர்வேட்டஸ் என்றொரு மருத்துவர். மூவொரு கடவுள் கோட்பாட்டை மறுத்தவர். பிரான்சின் வியன் நகரிலே கத்தோலிக்கர் அவரைச் சிறையிலிட்டனர். தப்பினார். ஆள் அகப்படவில்லை என்று அவர் உருவத்தை எரித்தனர். புராட்டஸ்டண்டுகளின் செனீவாவுக்கு வந்தார். கால்வின் கோலோச்சிய அந்நகரிலே, 1553 அக்டோபர் 27-ஆம் நாள், உயிரோடு எரிக்கப்பட்டார். அங்கே உருவத்தை எரித்தனர். இங்கே உடலை எரித்தனர். சிந்திப்பவனைச் சுடுவதில் எத்துணை ஒற்றுமை!

பழங்கதை என்பீரோ? வட அயர்லாந்துக்கு வாருங்கள். 1923-இல் கல்வியமைச்சர் லண்டன்டரி பிரபு ஒரு சட்டம் கொண்டுவந்தார். உள்ளாட்சிப் பள்ளிகளிலே பாடவேளையில் மதபோதனை கூடாது. ஆசிரியரை அமர்த்தும்போது மதம் பார்க்கலாகாது. குழந்தைகள் கூடிப் பயிலட்டும் என்பது நோக்கம். வந்ததே கோபம் கத்தோலிக்கக் குருமாருக்கு! வந்ததே கோபம் புராட்டஸ்டண்டுப் போதகருக்கும்! வேதத்தில் ஒத்துவராத இருவரும், பிள்ளைகளைப் பிரித்துவைப்பதில் ஒத்துவந்தனர். 1925-லும் 1930-லும் சட்டம் திருத்தப்பட்டது. ஒரே தெருவின் குழந்தைகள் இரு பள்ளிக்குப் போயினர். ஒருவரையொருவர் அறியாமலே வளர்ந்தனர்.

அறியாதவனை அஞ்சுவதும், அஞ்சியவனை அடிப்பதும் எளிது. 1968-இல் உள்ளாட்சி வாக்குரிமையும் வீடு ஒதுக்குவதில் நீதியும் கேட்டு டெரி நகரில் ஊர்வலம் சென்றோர் தடியடி பட்டனர். அடுத்த ஆண்டு பெல்பாஸ்டிலே சுவர் எழுந்தது. அதற்குப் பெயர் அமைதிச் சுவராம்! முப்பதாண்டுகளில் மாண்டோர் ஏறத்தாழ 3,500 பேர்.

அது ஆட்சிப் பூசல், மதப் பூசலன்று என்பர் சிலர். ஆட்சிப் பூசல்தான், மறுக்கவில்லை. ஆனால் இவன் இன்ன பக்கம், அவன் அன்ன பக்கம் என்ற முத்திரை எங்கே குத்தப்பட்டது? தொட்டிலிலேயே, ஞானஸ்நானத் தண்ணீரிலே குத்தப்பட்டது!

நல்லவர்கள் இருந்தனர். பாதிரியார் அலெக் ரீடு ஆயுதம் தாங்கியவர்களிடையே தூது நடந்து, பேச்சுக்கு வழி திறந்தார், வணங்குகிறோம். ஆனால் அமைதிக்கு ஆணை தந்தது எந்தச் சங்கமும் அன்று. 1998 மே 22-இல் வாக்குப் பெட்டி தந்தது. வட அயர்லாந்தில் வாக்களித்தோரில் நூற்றுக்கு 71 பேர் உடன்பாட்டை ஏற்றனர். அதற்கும் முன்பே, 1981-இல், குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த நாளிலே, பெற்றோர் சிலர் துணிந்து 28 மாணவர்களோடு லேகன் கல்லூரி என்ற பொதுப்பள்ளியைத் தொடங்கினர். இருமதப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் அமர்ந்தனர். அவர்களே உண்மையான சமரசத் தூதர்!

இன்றோ? இத்தகைய பள்ளிகளில் பயில்வோர் பத்திலொரு பங்கைக்கூடத் தொடவில்லை. 2023-க்குள் சுவர்களை அகற்றுவோம் என்று 2013-இல் அரசு அறிவித்தது. கெடு கடந்தது; சுவர்கள் நிற்கின்றன.

எனவே, இளைஞர்களே! இரு மதத்தலைவர்கள் கைகுலுக்கும் படம் ஏட்டிலே வந்தால் கைதட்டுங்கள், தவறில்லை. தட்டியபின் கேளுங்கள்: இவர்களின் பள்ளிக் கதவு திறந்ததா? இவனுக்கு அவள் மணமகளானால் ஊர் வாழ்த்துமா? கல்லறையிலாவது வேலி அகன்றதா? ஒப்பந்தத் தாளை உரக்கப் படிப்பதால் செங்கல் ஒன்றும் உதிராது. ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒன்றாகக் கற்ற குழந்தைகள் வளர்ந்து வருவார்களே, அவர்கள் கையில் இருக்கிறது கடப்பாரை!