வலிக்காத கண்ணும் அவசரம்தான்



கொழும்பின் லிப்டன் சுற்றுவட்டத்தைக் கடக்கும் எவரது கண்ணிலும் அந்தப் பழைய சிவப்புக் கட்டடம் படாமல் போகாது. விக்டோரியா நினைவுக் கண் வைத்தியசாலைக்காக 1903இல் அடிக்கல் நாட்டிக் கட்டப்பட்டது அது. இன்று அதன் பக்கத்தில் தேசிய கண் வைத்தியசாலை இயங்குகிறது. சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. வெள்ளவத்தையிலிருந்தோ கொட்டாஞ்சேனையிலிருந்தோ ஓட்டோவில் போய்விடலாம். இவ்வளவு கிட்ட இருந்தும் நம் வீடுகளில் பலர் தாமதிக்கிறார்கள். காரணம் கேட்டால், "நோகவில்லைத்தானே, விடியட்டும்" என்பார்கள்.

கண்ணின் ஆபத்தை வலியைக் கொண்டு அளக்க முடியாது. ஒரு கண்ணில் பார்வை திடீரென மங்கியோ இருண்டோ போனால், விழித்திரைக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டிருக்கலாம். கொஞ்சமும் வலிக்காது. ஆனால் சில மணி நேரத்துக்குள் விழித்திரை செத்துவிடும். சில நிமிடங்களில் பார்வை தானாகத் திரும்பினாலும் அன்றே வைத்தியரைக் காண வேண்டும். வரப்போகும் பாரிசவாதத்தின் முன்னறிவிப்பாக அது இருக்கக்கூடும். முகம் கோணினாலோ கை கால் சோர்ந்தாலோ உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் திடீரென மிதப்பது, ஓரத்திலிருந்து திரை இழுத்தாற்போல் மறைப்பது, இவையும் வலியில்லாதவையே. விழித்திரை கிழிந்து விலகத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்களும் கண்ணில் அடிபட்டவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கிழிசலோடு நிற்கும்போதே போனால் லேசர் சிகிச்சையால் அடைத்துவிடலாம்.

வலி வரும்போதும் நாம் ஏமாறுகிறோம். கண் சிவந்து, தலை பிளந்து, வாந்தியும் எடுத்து, மின்விளக்கைச் சுற்றி வானவில் வட்டம் தெரிந்தால், அது கண்ணின் அழுத்தம் சடுதியாக ஏறியதாக இருக்கலாம். பித்தம் என்று சொல்லிப் பனடோல் போட்டுப் படுப்பவர்கள் விடிவதற்குள் பார்வையை இழந்துவிடலாம்.

வெற்றிலைச் சுண்ணாம்பு, சீமெந்து, கழிவறை கழுவும் அமிலம் ஏதாவது கண்ணில் தெறித்தால் மட்டும் முதலில் ஆஸ்பத்திரிக்கு ஓடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் இமையை விரித்துப் பிடித்து, இருபது நிமிடமாவது கழுவிவிட்டுப் புறப்படுங்கள். சுண்ணாம்பு கண்ணுக்குள் ஊடுருவிக்கொண்டே இருக்கும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

குத்திய காயத்துக்குச் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. பஞ்சிகாவத்தைப் பட்டறையில் தெறித்த இரும்புத் துணுக்கோ, தீபாவளி வெடியின் சிதறலோ குத்தியிருந்தால் கழுவவோ, கசக்கவோ, பிடுங்கவோ கூடாது. காகிதக் கோப்பையால், கண்ணில் படாமல் மூடி, எதுவும் உண்ணக் கொடுக்காமல் கொண்டுபோங்கள், சத்திரசிகிச்சை தேவைப்படலாம். தாய்ப்பால், இலைச்சாறு, போன வருடம் மிஞ்சிய சொட்டு மருந்து எதையும் எந்தக் கண்ணிலும் விடாதீர்கள். கொன்டாக்ட் லென்ஸ் அணிந்த கண் சிவந்து நொந்தால் லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றே காட்டுங்கள்.

1961இல் டொக்டர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கத்தின் வழியே நம் நாடு உலகெங்கும் கண்களை அனுப்பிவருகிறது. ஆனால் அந்தத் தானத்தால் மாற்ற முடிவது கண்ணின் முன்புறக் கருவிழிப் படலத்தை மட்டுமே. செத்த விழித்திரைக்கும் பார்வை நரம்புக்கும் மாற்று இல்லை. அதனால்தான் இத்தனை வற்புறுத்துகிறேன்.

இன்றிரவே வீட்டிலுள்ள பெரியவர்களை ஒரு கண்ணைப் பொத்தி மற்றதால் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல கண் ஈடுகட்டுவதால் மற்றதன் இழப்பு பல நாள் தெரியாமலே போகும். நள்ளிரவில் ஏதும் நேர்ந்தால் யார் கூட்டிப்போவது, களுபோவில வைத்தியசாலைக்கா தேசிய கண் வைத்தியசாலைக்கா என்பதையும் இப்போதே பேசி முடிவுசெய்யுங்கள். அம்மம்மா "விடியட்டும்" என்றாலும் நீங்கள் ஓட்டோவைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்