முதற் பழக்கம் யார் உடலில்?

இருதயத்தைக் கேளாவொலியால் ஆராயும் கலை 1953ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டின் லுண்ட் நகரில் பிறந்தது. எட்லர் என்னும் வைத்தியரும் ஹெர்ட்ஸ் என்னும் பௌதிக அறிஞரும், உலோகத்தில் வெடிப்புத் தேடும் கருவியை மனித மார்பின் மீது வைத்தனர். தொழிற்சாலையின் கருவி வைத்தியசாலையின் கண்ணாயிற்று. அந்தக் கண் அன்றிலிருந்து வெகுவாகக் கூர்மை பெற்றுவிட்டது. ஆனால், அதனைப் பிடிக்கும் கையைச் சோதிக்கும் முறை அந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறதா? இல்லை என்பதே எமது குற்றச்சாட்டு.

உணவுக்குழாய் வழியே செய்யப்படும் எக்கோ பரிசோதனையை எடுத்துக்கொள்வோம். நோயாளியின் வாய் வழியாகக் கருவியைச் செலுத்தி, இருதயத்தின் பின்புறத்திலிருந்து அதனை நோக்க வேண்டும். தள்ளுதல், இழுத்தல், திருப்புதல், வளைத்தல் யாவும் விரல்களின் நிதானத்திலேயே தங்கியுள்ளன. கை பிசகினால் தொண்டை புண்படும். அரிதாக, உணவுக்குழாயே கிழியும். கண் பிசகினால் வால்வில் ஒட்டிய கிருமித்திரள் தப்பிவிடும்.

இத்தகைய வித்தையை இளம் வைத்தியர் எங்கே பழகுகிறார்? "பார், செய், தேறு" என்பதே பழைய மரபு. இத்தனை ஆண்டு, இத்தனை பரிசோதனை என்று கணக்கெழுதி, மூத்தவர் ஒப்பமிட்டால் போதும், தகுதி வந்துவிட்டதாம்! எண்ணிக்கை எப்போது திறமையாயிற்று? தவறாக நூறு முறை செய்தவனுக்குத் தவறே பழக்கமாகும். இந்தப் பழக்கத்துக்கு உடலைக் கொடுப்பவர் யார்? வசதியுள்ளவன் பேர்பெற்ற நிபுணரைத் தேடிப் போவான். பொது வைத்தியசாலையில் முறைகாத்துக் கிடப்பவனோ கிடைத்த கைக்குத் தன்னை ஒப்படைப்பான்.

வேறு வழி உண்டு. பிரான்ஸ் நாட்டில் 42 பல்கலைக்கழக நிலையங்களைச் சேர்ந்த 324 இளம் இருதய வைத்தியர்களைக் கொண்டு நடத்திய ஆய்வொன்று 2023இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினர் வழமையான முறையில் மட்டும் கற்றனர். மறுபகுதியினர் அதனுடன் பொம்மை உடலிலும் பழகினர். அப்பொம்மைக்குள் கருவி அசையுந்தோறும் திரையில் இருதயத்தின் தோற்றம் மாறும். மூன்று மாதத்தின் பின் நடந்த செய்முறைப் பரீட்சையில் பொம்மையில் பழகியோர் நூற்றுக்கு ஏறத்தாழ 75 புள்ளி பெற்றனர், மற்றையோர் 59.

"பொம்மையில் பழகியவன் பொம்மையில் வெல்வது வியப்பா? பொம்மைக்கு ஓங்காளம் உண்டா, அச்சம் உண்டா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வியே. நோயாளியின் கையைப் பற்றித் தேற்றும் பண்பை இயந்திரம் அளக்காது. ஆகவே பொம்மைப் பரீட்சை இறுதிப் பரீட்சையாகாது, அது வாயிற்படி. ஆனால், வாயிற்படியையே தாண்டாதவனை உள்ளே விடுவது எந்த நியாயம்? எல்லோருக்கும் ஒரே இருதயம், ஒரே நோய், ஒரே அளவுகோல் என்ற சமத்துவத்தைப் பொம்மை தருகிறது. மூத்தவரின் முகத்தாட்சணியம் அங்கே செல்லாது.

1929இல் எட்வின் லிங்க் தரையில் நின்றபடியே விமானிகளைப் பழக்கும் பொறியைச் செய்தார். இன்று அத்தகைய பொறியில் தேறாதவரிடம் பயணிகள் விமானத்தை ஒப்படைக்க எவரும் துணியார். விமானி தவறினால் விமானியும் மாள்வான். வைத்தியர் தவறினால் நோயாளி மட்டுமே மாள்வான். ஒரு துறையில் விரைந்து வந்த கண்டிப்பு மறு துறையில் தயங்கி நிற்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

விலை அதிகம் என்பது அடுத்த சாட்டு. நோயாளியின் உடல் மலிவு என்பதே அதன் மறுபக்கம். பயிற்சிப் பொறிகள் பணம்படைத்த சில நிலையங்களின் அலங்காரப் பொருளாகிவிடக் கூடாது. பொதுப் பணத்தில் வாங்கி, பல வைத்தியசாலைகளும் பங்கிட்டுப் பயன்படுத்தும் பொதுச் சொத்தாக அவை வேண்டும். திறமை காட்டிய பின்னரே உயிருள்ள உடலைத் தொடும் அனுமதி வேண்டும்.

ஏழையின் உடல் பயிற்சிப் பலகையன்று. இதனை ஒப்புக்கொள்ளாத வைத்தியக் கல்வி எத்தனை பட்டங்களை வழங்கினாலும், தன் முதற் பாடத்தைக் கற்கவில்லை என்போம்.