மூட்டை மாற்றுவதற்கு முன்

மும்பையில் நம்மவர் வீடுகளில், பெரியவர்களுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் இப்போது சகஜம். நல்லதுதான். இங்கிலாந்தில் டாக்டர் ஜான் சார்ன்லி முதலில் வைத்த டெஃப்லான் கிண்ணங்கள் தேய்ந்து தோற்றன. 1962-ல் பாலிஎதிலீனுக்கு மாறிய பிறகே இடுப்பு மாற்று சிகிச்சை நிலைபெற்றது.

என் கவலை முப்பது வயதுக்காரர்களைப் பற்றி. தொடை இடுக்கில் வலி என்றால் ‘வாய்வுப் பிடிப்பு’ என்று தைலம் தேய்த்துவிட்டு லோக்கல் ரயிலுக்கு ஓடுகிறோம். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பேராசிரியர் ரைன்ஹோல்ட் கான்ஸ் ஆராய்ந்தது இந்த வயதினரைத்தான். இடுப்புக் கிண்ணம் ஆழமில்லாதவர்களுக்கு, அதைச் சுற்றி எலும்பை வெட்டி, திருப்பிப் பொருத்தும் முறையை 1988-ல் வெளியிட்டார். பந்தும் கிண்ணமும் சரியாகப் பொருந்தாமல் இடித்துக்கொள்வதும் பின்னாளில் மூட்டைத் தேய்க்கும் என்று 2003-ல் அவர் குழுவினர் எழுதினர்.

ஆனால் குருத்தெலும்பு தேய்ந்த பிறகு போனால் இந்த வைத்தியம் எடுபடாது. செயற்கை மூட்டும் தேயும். முப்பதில் வைத்தால் மறுபடி மாற்ற நேரலாம். ஆகவே வலி வாரக்கணக்கில் நீடித்தால் எலும்பு டாக்டரிடம் போய் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். ஆபரேஷன் என்றால், “சொந்த மூட்டையே காப்பாற்ற முடியுமா?” என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கேட்டதற்காக எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.