இருவர் பாடினார்கள், இன்னொரு பெயர் எங்கே?

பாகிஸ்தான் அரசு பாடகி நாஜியா ஹசனுக்கு விருது கொடுத்தது. 2002இல் கொடுத்தது. அவர் இறந்து அப்போது ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. தாயார் வந்து வாங்கிக்கொண்டார்.

அதே அரசின் தொலைக்காட்சிதான், அந்தப் பெண் உயிரோடும் துள்ளலோடும் பாடிய நாளில் கேமராவை அவர் இடுப்புக்கு மேலேயே நிறுத்தி வைத்தது. கால் அசைவது நாட்டுக்குத் தெரியக் கூடாதாம். பாட்டைக் கேட்கலாம், தாளத்துக்கு அசையும் பாதத்தைப் பார்க்கக் கூடாது. இப்படி ஓர் ஆணையை எழுதிய கை எது? அதற்கு ஒப்பம் போட்ட கை எது? இன்றுவரை ஒருவரும் பொறுப்பேற்கவில்லை.

இது முதல் வெட்டு. இரண்டாவது வெட்டு இதைவிட ஆழமானது. நாஜியா தனித்து நின்று புகழ் பெற்றவர் இல்லை. பக்கத்தில் ஒரு தம்பி நின்றார். ஜோஹேப் ஹசன். அவர் பாடினார், மெட்டும் அமைத்தார். அக்காளும் தம்பியும் சேர்ந்து நடத்திய இசை வாழ்க்கையை ஒருவருடைய கதையாகச் சுருக்கிவிட்டார்கள். உடலை இடுப்போடு வெட்டியது அரசு. பெயரைப் பாதியாக வெட்டியது இசை வணிகமும் பத்திரிகை உலகமும்.

நடந்தது என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படிச் சொல்ல வேண்டியிருப்பதே வெட்கக்கேடு.

நாஜியா 1965இல் கராச்சியில் பிறந்தார். ஜோஹேப் அவருக்கு அடுத்த ஆண்டு பிறந்தார். வளர்ந்தது கராச்சியிலும் லண்டனிலும். சிறுவயதிலேயே பாகிஸ்தான் தொலைக்காட்சியின் குழந்தைகள் இசை நிகழ்ச்சியில் இசையமைப்பாளர் சோஹேல் ராணாவிடம் பாடியவர் நாஜியா. பின்னாளில் அவரைப் பாதியாக்கிக் காட்டிய அதே தொலைக்காட்சிதான் அது.

1980. ஃபெரோஸ் கான் எடுத்த 'குர்பானி' படம் வந்தது. படத்தின் மற்றப் பாடல்களுக்குக் கல்யாண்ஜி ஆனந்த்ஜி இசை. ஒரே ஒரு பாட்டை மட்டும் லண்டனில் இருந்த பிட்டு அமைத்தார். பெங்களூரில் பிறந்து இங்கிலாந்துக்குப் போய், 'குங் ஃபூ ஃபைட்டிங்' என்ற பாட்டை உலகம் முழுக்க ஆட வைத்த தயாரிப்பாளர் அவர். 'ஆப் ஜெய்ஸா கோயி' என்ற அந்தப் பாட்டைப் பாடியது பள்ளிச் சிறுமி நாஜியா. திரையில் ஜீனத் அமன். மறு ஆண்டு ஃபிலிம்ஃபேர் விருது நாஜியாவுக்குக் கிடைத்தபோது வயது 15. அந்த விருதை அத்தனை சிறு வயதில் அதற்கு முன் யாரும் வாங்கியதில்லை.

அந்தப் பாட்டு அக்காளுடையது மட்டும். யாரும் மறுக்கவில்லை. அதன் பிறகு வந்த ஐந்து இசைத்தொகுப்புகளும் இருவருடையவை. 1981இல் 'டிஸ்கோ தீவானே'. 1982இல் 'பூம் பூம்'. 1984இல் 'யங் தரங்'. 1987இல் 'ஹாட்லைன்'. 1992இல் 'கேமரா கேமரா'. ஐந்திலும் இரண்டு குரல். ஐந்திலும் இரண்டு பெயர். இதில் எங்கே ஐயம் வந்தது?

'டிஸ்கோ தீவானே' என்ன செய்தது என்பதை நம் வாசகர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்தத் துணைக்கண்டத்தில் பாட்டு என்றால் சினிமாப் பாட்டு. கதாநாயகன் இல்லாமல், கதாநாயகி இல்லாமல், மரத்தைச் சுற்றும் காட்சி இல்லாமல் ஒரு பாட்டு விற்கும் என்று கடைக்காரர் எவரும் நம்பாத காலம். கராச்சிப் பிள்ளைகள் இருவர் லண்டனில் பாடிய இசைத்தட்டை இந்தியாவில் எச்.எம்.வி. வெளியிட்டது. கடைகளில் அள்ளிக்கொண்டு போனார்கள். தென் அமெரிக்கா வரை அது போனது. பின்னால் 90களில் இந்தியாவில் சினிமாவுக்கு வெளியே ஒரு பாப் இசைச் சந்தை எழுந்ததே, அதற்குப் பாதை போட்டது இந்த இருவர். அடுத்த ஆண்டு 'பூம் பூம்' பாடல்கள் குமார் கவுரவ் நடித்த 'ஸ்டார்' படத்தில் இடம்பெற்றன. படம் ஓடவில்லை. பாட்டு ஓடியது. அந்தப் படத்தில் ஜோஹேப்பின் குரலும் ஒலித்தது. இன்றைய கட்டுரைகளில் அது ஒலிப்பதில்லை.

இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் ஒரே நாடாவைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்ட காலத்தில், அந்த இருவரின் சொந்த நாடு என்ன செய்துகொண்டிருந்தது?

1977 ஜூலையில் ஆட்சியைப் பறித்த ஜெனரல் ஜியா உல் ஹக், பண்பாட்டைத் திருத்தப் புறப்பட்டார். அவர் கையில் கிடைத்த முதல் கருவி தொலைக்காட்சி. திரையில் தோன்றும் பெண்கள் தலையில் துப்பட்டா போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. நிகழ்ச்சித் தொகுப்பாளர் மெஹ்தாப் ராஷ்டி மறுத்தார். திரையிலிருந்து விலக்கப்பட்டார். ஒரு முழம் துணிக்காக ஒரு திறமைசாலியை வெளியே நிறுத்திய நிறுவனம், இளம்பெண் ஒருத்தி நடனமாடிப் பாடுவதை எப்படி ஏற்கும்? ஏற்கவில்லை. வெட்டியது.

பாகிஸ்தானில் இசை வீடியோ என்ற ஒன்றைக் கொண்டுவந்ததே 'யங் தரங்' தொகுப்புதான். நாட்டுக்கே புதிய ஒரு கலை. அதைக் கொண்டாட வேண்டிய ஒளிபரப்பாளர் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருந்தார். கத்தரித்த அதிகாரிகளின் பெயர்கள் கோப்புகளில் இருக்கும். அந்தக் கோப்புகளை இன்னும் ஏன் திறக்கவில்லை?

1987இல் வைட்டல் சைன்ஸ் குழுவின் 'தில் தில் பாகிஸ்தான்' வந்தபோது அதே தொலைக்காட்சி மனம் இளகியது. கிட்டார் அதே கிட்டார்தான். தாளமும் அதே மேற்கத்தியத் தாளம்தான். ஆனால் பாட்டில் நாட்டின் பெயர் இருந்தது, பாடியவர்கள் பையன்கள். கொள்கை என்று சொல்லிக்கொண்டது எல்லாம் அங்கே கரைந்து போனது.

ஜியா 1988 ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு ஷோயப் மன்சூர் தயாரித்த 'மியூசிக் 89' என்ற நிகழ்ச்சியை நாஜியாவும் ஜோஹேப்பும் சேர்ந்து தொகுத்து வழங்கினார்கள். இதை அழுத்திச் சொல்கிறோம்: சேர்ந்து. தங்களுக்கு மறுக்கப்பட்ட மேடையை, கிடைத்த உடனே இளைய குழுக்களுக்குத் திறந்துவிட்டார்கள். பாகிஸ்தானில் பாப் இசைக்குழுக்கள் ஒரு தலைமுறையாக எழுந்து நின்றதில் அந்த நிகழ்ச்சிக்கு முதன்மையான பங்கு உண்டு. மதவாதக் கட்சிகள் கூச்சல் போட்டன. அவர்களுக்கு வேறு வேலை என்ன?

பாடம் கற்றார்களா? இல்லை. 90களின் பிற்பகுதியில் நவாஸ் ஷெரீஃப் அரசு, நீளமுடியும் ஜீன்ஸும் தொலைக்காட்சியில் ஆகாது என்றது. ஜுனூன் குழு திரையிலிருந்து நீக்கப்பட்டது. சீருடைக்காரர் போய்த் தேர்தலில் வென்றவர் வந்தார். கத்தரிக்கோல் மட்டும் அதே மேசையில் இருந்தது.

அடக்குமுறை வெளியே மட்டும் நிற்பதில்லை. உள்ளேயும் குடியேறும். பிட்டு 'மேட் இன் இந்தியா' பாட்டை எழுதியபோது முதலில் நாஜியாவிடம்தான் கொண்டுபோனார். தன் நாட்டு மக்கள் மனம் புண்படும் என்று நாஜியா மறுத்தார். 1995இல் அலிஷா சினாய் பாடினார். பாட்டு எங்கும் பரவியது. தன்னை இடுப்பளவில் நறுக்கிக் காட்டிய நாட்டின் மானத்தைக் காக்க, கைக்கு வந்த வெற்றியை விட்டுக்கொடுத்தவர் அந்தப் பெண். அந்த நாடு அவருக்கு எதை விட்டுக்கொடுத்தது?

நாஜியா சட்டம் படித்தார். ஐ.நா.வில் பணியாற்றினார். 2000 ஆகஸ்ட் 13 அன்று லண்டனில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது 35. தம்பி பல ஆண்டுகள் பாடாமல் இருந்தார். 2006இல் 'கிஸ்மத்' என்ற தனித்தொகுப்போடு திரும்பி வந்தார். அவர் திரும்பி வந்ததை எத்தனை பத்திரிகைகள் கவனித்தன?

இனி இந்தியப் பக்கம் திரும்புவோம். இங்கேயும் கணக்குத் தீர்க்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

2012இல் கரண் ஜோஹர் இயக்கிய 'ஸ்டூடண்ட் ஆஃப் தி இயர்' படத்தில் 'டிஸ்கோ தீவானே' மறுபடி பிறந்தது. இசை விஷால்-சேகர். 2022இல் 'ஆன் ஆக்‌ஷன் ஹீரோ' படத்துக்காக 'ஆப் ஜெய்ஸா கோயி'யைத் தனிஷ்க் பாக்சி மறுபடி பிசைந்தார். பழைய பாட்டைத் தூசி தட்டி விற்பது இன்று இந்தி சினிமாவின் சிறுதொழில் ஆகிவிட்டது. புதிய மெட்டுக்குப் பஞ்சம், பழைய மெட்டுக்குப் பங்காளிகள் ஏராளம். (நம் ஊர் ரீமிக்ஸ்காரர்களும் இந்த வரியைத் தங்களுக்கு என்றே எடுத்துக்கொள்ளலாம், ஆட்சேபம் இல்லை.) இருவருடைய 'டிஸ்கோ தீவானே'யையும் விளம்பரம் 'நாஜியாவின் பாட்டு' என்கிறது. பத்திரிகைகள் அதையே எதிரொலிக்கின்றன. படம் பார்த்த தலைமுறையைக் கேளுங்கள். பத்தில் ஒருவராவது நாஜியா என்பார். ஜோஹேப் என்பவர் எவர்?

இது மறதி என்று சொல்லித் தப்ப முடியாது. மறதி தானாக வரும். இதை வேலை மெனக்கெட்டு வளர்த்திருக்கிறார்கள். அழகான முகம், அகால மரணம், சோகக் கதை. விற்பதற்கு இவை போதும். உயிரோடு இருக்கும் தம்பி அந்தக் கதைக்கு இடைஞ்சல். ஆகவே அவரை ஓரமாக நிறுத்தினார்கள். இறந்தவரைக் கொண்டாடுகிறோம் என்ற பெயரில் இருப்பவரை அழித்தார்கள்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டது. பாடியவர் தன்னைப் பாடியவர் என்று அடையாளம் காட்டும்படி கேட்கும் உரிமையை அது கொடுக்கிறது. சட்டப் புத்தகத்தில் இடம்பிடித்த நியாயம் பாட்டுப் பட்டியலில் இடம்பிடிக்க இன்னும் எத்தனை ஆண்டு வேண்டும்?

ஆகவே கேட்கிறோம். பாகிஸ்தான் தொலைக்காட்சி நிறுவனம், ஜியா காலத்தில் கலைஞர்கள் மீது போட்ட கட்டுப்பாடுகளைத் தவறு என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தை வேண்டாம். 'நினைவஞ்சலி நிகழ்ச்சி'யும் வேண்டாம். மெழுகுவத்தி ஏற்றுவது எளிது, கோப்பைத் திறப்பதுதான் கடினம். தன் காப்பகத்தில் உள்ள இருவரின் பதிவுகளையும் வெட்டாமல், 'மியூசிக் 89' உட்பட, பெயர்களோடு மக்கள் முன் வைக்க வேண்டும். அந்நாட்டுத் தகவல் அமைச்சகம், விருது கொடுத்த அதே கையால் இந்தத் திருத்தத்தையும் எழுத வேண்டும். 2002இன் பதக்கத்தில் ஒரு பெயர்தான் இருந்தது.

அந்த ஐந்து தொகுப்புகளின் உரிமையை இன்று கையில் வைத்திருப்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. எந்தப் பாட்டை யார் பாடினார், எந்த மெட்டை யார் போட்டார் என்று பாட்டுக்குப் பாட்டு அச்சிட வேண்டும். செயலியில் பாட்டு ஓடும்போது இரண்டு பெயரும் ஓட வேண்டும். நாளை மறுபடி ஒருவர் இந்தப் பாட்டுகளைத் தொடுவார். நிச்சயம் தொடுவார். அவர் முதல் சுவரொட்டியிலேயே இரண்டு பெயரையும் போட வேண்டும். பத்திரிகைகளுக்குத் தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு சொல் கூடுதலாக அச்சடிக்க மை தீர்ந்துவிடாது.

பெயரைத் திருத்த ஆதாரம் தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை. எந்த மெட்டு எந்த அறையில் பிறந்தது, எந்த வரியில் அக்காள் சிரித்துவிட்டுத் திரும்பப் பாடினார் என்று சொல்லக்கூடியவர் ஒருவர் இருக்கிறார். அக்காளை அடக்கம் செய்த பின்தான் பாகிஸ்தான் அதிகாரிகளுக்கு அவர் அருமை தெரிந்தது. தம்பி விஷயத்திலும் அவ்வளவு காலம் காத்திருக்காதீர்கள். அவர் இருக்கும்போதே போய்க் கேளுங்கள்.