தேவாலயம் சங்கீத மண்டபமாகலாமா?

ஜனங்கள் தொழ வராமற்போன புராதன தேவாலயத்தை என்ன செய்வது? இங்கிலாந்தில் இக்கேள்வி புதிதன்று. ஆனால் இப்போது அது அவசரக் கேள்வியாகிவிட்டது. சரித்திர முக்கியத்துவம் பற்றிப் பட்டியலில் சேர்க்கப்பட்ட வழிபாட்டு ஸ்தலங்களைப் பழுது பார்க்கையில் செலுத்த நேரும் மதிப்புக் கூட்டு வரியை அந்நாட்டு ஸர்க்கார் 2001-ம் வருஷ முதல் உதவித் தொகையாகத் திருப்பிக் கொடுத்து வந்தது. 2025-ம் வருஷம் ஜனவரியில் அவ்வுதவிக்கு வரம்பு கட்டப்பட்டது. ஒரு ஸ்தலத்துக்கு வருஷத்தில் 25,000 பவுனுக்கு மேல் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. வரியோ நூற்றுக்கு இருபது வீதம். ஆகவே 1,25,000 பவுனுக்கு மேற்பட்ட வேலை எதை எடுத்துக்கொண்டாலும், மிகுதி வேலைக்குரிய வரியை ஆலயத்தாரே சுமக்க வேண்டியதாயிற்று. கூரை ஒழுகிக் கோபுரம் தளர்ந்து நிற்கும் பெரிய நகர ஆலயங்களுக்கு இத்தொகை எம்மாத்திரம்? சபையில் ஆள் குறைந்து, கையில் பணமும் குறைந்தால், கதவைப் பூட்டுவதைத் தவிர வேறு வழி என்ன?

பூட்டிய கதவுக்குப் பின் நான்கு கதிகள் உண்டு. இடித்துத் தள்ளலாம், பாழாகவே விட்டு நந்தவனம் ஆக்கலாம், செல்வர்கள் குடியிருக்கும் வீடுகளாக விற்கலாம், அல்லது சங்கீத மண்டபம் போன்ற பொதுக் காரியத்துக்கு உபயோகிக்கலாம். இவற்றுள் கடைசியானதே சிலாக்கியம் என்பது நமது அபிப்பிராயம். ஆனால் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. அவற்றை மறந்து "கட்டிடம் பிழைத்தது" என்று கைதட்டுவது போதாது.

லண்டன் நகரில் பார்லிமெண்டுக்குச் சமீபத்தில், ஸ்மித் சதுக்கத்தின் நடுவே நிற்கிறது ஸெயின்ட் ஜான் தேவாலயம். தாமஸ் ஆர்ச்சர் என்ற சிற்பி வகுத்த அமைப்பின்படி 1713-ல் தொடங்கி 1728-ல் முடிந்த கட்டிடம் அது. நான்கு மூலைகளிலும் நான்கு கோபுரங்கள் எழுந்து நிற்பதால், கவிழ்த்து வைத்த முக்காலியைப் போல் இருக்கிறதென்று கண்டு, "ஆன் ராணியின் பாதபீடம்" என்று ஜனங்கள் அதற்குப் பரிகாசப் பெயரிட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸும் அதன் உருவத்தை எள்ளி நகையாடினார். 1742-ல் தீக்கிரையாயிற்று, மறுபடி எழுந்தது. 1941-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி இரவு ஜெர்மன் விமானங்கள் பொழிந்த தீக்குண்டுகளால் உள்ளே யாவும் எரிந்து, வெறுஞ் சுவர்களே மிஞ்சின. இருபது வருஷங்களுக்கு மேல் அது வானமே கூரையாக நின்றது.

இடிபாட்டை மீட்க முன்வந்தவர் வாடிங்டன் லேடி பார்க்கர் என்ற மாது. அவர் முயற்சியால் அபிமானிகள் கூடிப் பொருள் திரட்டினார்கள். மார்ஷல் ஸிஸன் என்ற சிற்பி ஆர்ச்சரின் ஆதி அமைப்பையே பின்பற்றிக் கட்டிடத்தைப் புதுப்பித்தார். 1969-ம் வருஷம் அக்டோபரில் ஜோன் ஸதர்லாந்து அம்மையாரின் பாட்டுடன் அது சங்கீத மண்டபமாகத் திறக்கப்பட்டது. ஒரு தலைமுறை நகைத்த கட்டிடத்தை வேறொரு தலைமுறை போற்றிப் பாதுகாக்கிறது. இடிக்க விரைகிறவர்கள் இதை மனத்திற் கொள்வார்களாக. ருசி மாறும், இடித்த சுவர் திரும்பி வராது.

மகா யுத்தத்தில் சிதைந்த ஆலயங்கள் சிலவற்றை அப்படியே பாழாக விட்டு, மாண்டோரின் ஞாபகச் சின்னங்களாகக் காக்க வேண்டுமென்று 1940-களில் அங்கே பலர் வாதாடினார்கள். 1941-ல் குண்டு வீச்சுக்கு இலக்கான ஸெயின்ட் டன்ஸ்டன் ஆலயம் அவ்வகையில் 1971-ல் பொது நந்தவனமாயிற்று. கிறிஸ்டபர் ரென் கட்டிய கோபுரம் மட்டும் அங்கே முழு உருவில் நிற்க, சுவர்களின் மீது கொடிகள் படர்ந்திருக்கின்றன. உத்தியோகஸ்தர்கள் மத்தியான வேளையில் அங்கே வந்து இளைப்பாறுகிறார்கள். அழகிய காரியமே. ஆயினும் எல்லா ஆலயங்களையும் நந்தவனமாக்க முடியாது. கூரையும் கதவும் உறுதியாக இருக்கும் கட்டிடத்தை வேண்டுமென்றே பாழாக்குவது விவேகமாகாது.

இரண்டாவது உதாரணமாக ஓல்ட் ஸ்ட்ரீட்டில் உள்ள ஸெயின்ட் லூக் தேவாலயத்தைச் சொல்லலாம். ஜான் ஜேம்ஸ், நிக்கலஸ் ஹாக்ஸ்மூர் என்ற இரு சிற்பிகள் வகுத்து, 1733-ல் முடிந்த கட்டிடம் அது. அஸ்திவாரம் அமிழ்ந்து கட்டிடம் அபாய நிலையை எட்டியதால் 1959-ல் மூடப்பட்டது. அடுத்த வருஷம் கூரையையும் கழற்றிவிட்டார்கள். சுமார் நாற்பது வருஷம் செடியும் கொடியும் அதை ஆண்டன. பின்னர் லண்டன் ஸிம்பனி வாத்தியக் குழுவினர் அதை ஏற்று, பழைய சுவர்களுக்குள்ளே மரக்கிளைகள் போல் விரியும் எஃகுத் தூண்களை நட்டுப் புதிய கூரை வேய்ந்து, 2003-ல் சங்கீதப் போதனைக்கும் ஒத்திகைக்கும் கச்சேரிக்கும் உரிய ஸ்தலமாகத் திறந்தார்கள். நிலவறையில் அடக்கமாகியிருந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் எச்சங்களை அகற்றி வேறிடத்தில் மறுபடி அடக்கம் செய்த பிறகே வேலை நடந்தது. தேவாலயத்தை மாற்றுவதென்றால் செங்கல்லோடும் சுண்ணாம்போடும் மாத்திரம் பழகுவதன்று. இறந்தோரின் மரியாதையையும் காக்க வேண்டியிருக்கிறது.

மற்ற உபயோகங்களை விட்டுச் சங்கீதத்தை நாம் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. உயர்ந்த கூரையும், சாந்து பூசிய சுவரும், திறந்த நடுக்கூடமும் ஓசையை உடனே விழுங்கிவிடாமல் சிறிது நேரம் நிறுத்தி வைக்கின்றன. குழுவாகப் பாடும் பாட்டுக்கும் தந்தி வாத்தியங்களுக்கும் இது வரப்பிரஸாதம். ஒலிபெருக்கி வைத்து முழக்கும் கச்சேரிக்கோ இதுவே இடையூறு. ஆதியிலேயே ஜனங்கள் கூடி உட்கார்ந்து, ஒரே திசையை நோக்கிச் செவி கொடுப்பதற்காகக் கட்டப்பட்ட இடமாதலால், தடுப்புச் சுவர் எழுப்பாமலும், மாடி பிரிக்காமலும், ஜன்னலை வெட்டாமலும் கட்டிடத்தை உபயோகிக்க முடிகிறது. ஸெயின்ட் ஜானில் உணவு விடுதி நிலவறையில் இருக்கிறது. மேற்கூடம் ஆர்ச்சர் கருதியபடியே விசாலமாக நிற்கிறது. வீடுகளாகப் பிரித்திருந்தால் அந்தக் கூடமே இராது. வெளியில் கோபுரம் மாத்திரம் நிற்க, உள்ளே படுக்கையறைகள் அடுக்கப்பட்டிருக்கும்.

இன்னொரு நியாயமும் உண்டு; அதைச் சட்டம் படித்தவர்கள் கூட எளிதில் மறந்துவிடுகிறார்கள். மேலே சொன்ன இரண்டு ஆலயங்களும் யாருடைய பணத்தால் எழுந்தன? லண்டனில் ஐம்பது புதிய தேவாலயங்கள் கட்டுவதென்று 1711-ல் பார்லிமெண்டு சட்டம் செய்தது. அதற்காகத் துறைமுகத்துக்கு வந்த நிலக்கரியின் மீது தீர்வை விதிக்கப்பட்டது. ஐம்பது என்று தொடங்கிய திட்டத்தில் பன்னிரண்டே எழுந்தன. அவற்றுள் இரண்டு இவை. ஆகவே லண்டன்வாசிகளின் அடுப்புக் கரியே இக்கோபுரங்களாக உயர்ந்து நிற்கிறது. பொது ஜனங்களிடம் வசூலித்த பொருளால் எழுந்த கட்டிடத்தை, இன்று அதிக விலை கொடுப்பவனுடைய அந்தரங்க வாசஸ்தலமாக்க யாருக்கு உரிமை? எழுத்து மூலமான பாத்தியதை எவருக்கு இருப்பினும், தர்ம நியாயப்படி பொது ஜனங்களுக்கு அதில் ஒரு பங்கு உண்டென்றே நாம் சொல்லுவோம்.

பக்தர்கள் சொல்லும் ஆக்ஷேபணையை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஞானஸ்நானமும் விவாகமும் பிரேத அடக்கமும் நடந்த இடத்தில் டிக்கெட் வாங்கி உட்காருவது அவர்கள் மனத்தை உறுத்துமானால் அது இயல்பே. ஆனால் இங்கிலாந்துத் திருச்சபை இவ்விஷயத்தில் ஒழுங்கான முறை வகுத்திருக்கிறது. 1968-ம் வருஷத்துச் சட்டத்தில் தொடங்கிய அம்முறைப்படி, வழிபாட்டுக்கு வேண்டியதில்லை என்று தீர்மானிக்கப்பட்ட ஆலயத்தைத் தக்க வேறு காரியத்துக்கு உபயோகிக்கலாம். அல்லது பாதுகாப்பு நிதியிடம் ஒப்புவிக்கலாம். இரண்டுக்கும் வழியில்லையேல் இடிக்கலாம். 1969-ல் ஏற்பட்ட அந்நிதி இன்று தேவாலயப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற பெயருடன் 350-க்கு மேற்பட்ட ஆலயங்களைப் பராமரித்து வருகிறது. சபையே கூடி முடிவு செய்து, பலரும் ஆக்ஷேபணை சொல்ல அவகாசம் கொடுத்த பிறகு நடக்கும் மாறுதலை அவமரியாதை என்று சொல்லுவதற்கில்லை. ஆளின்றி இருண்டு, புறாக்கள் கூடு கட்டி, மழைநீர் சொட்டும் ஆலயத்தினால் யாருடைய பக்திக்கு என்ன கௌரவம்?

இதைக் காட்டிலும் கடினமான கேள்வி வேறொன்று. தேவாலயத்தின் கதவு ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரேவிதமாகத் திறந்திருந்தது. உள்ளே நுழைய எவரும் பணம் கொடுத்ததில்லை. சங்கீத மண்டபத்தின் வாசலிலோ டிக்கெட் மேஜை இருக்கிறது. அப்படியானால் பொதுச் சொத்து பொதுச் சொத்தாகவே பிழைத்ததா, அல்லது பணமுள்ளோரின் பொழுதுபோக்கு ஸ்தலமாகிவிட்டதா? ஸெயின்ட் லூக்கை ஏற்ற வாத்தியக் குழுவினர் அதைப் போதனை ஸ்தலமாகவும் அமைத்து, பள்ளிப் பிள்ளைகளுக்கும் சுற்றுவட்டாரத்தாருக்கும் சங்கீதம் கற்பிப்பதில் இதற்கு ஒரு விடை இருக்கிறது. எல்லா மண்டபங்களும் இவ்வாறு செய்கின்றன என்று சொல்ல முடியாது. செய்யும்படி கட்டாயப்படுத்த வேண்டும் என்பதே நமது கக்ஷி.

திறப்பு விழாவோடு செலவும் முடிந்துவிடுவதில்லை. முந்நூறு வருஷத்துக் கல்லும் ஈயக் கூரையும் கச்சேரி நடந்தாலும் நடக்காவிட்டாலும் பழுதாகிக்கொண்டே இருக்கும். 2020-ல் தொற்று நோயினால் மண்டபங்களெல்லாம் மூடிக் கிடந்தபோது, டிக்கெட் வருமானத்தை மாத்திரம் நம்பியிருந்தவர்கள் பட்ட பாடு யாவரும் அறிந்ததே. ஸெயின்ட் ஜான் 2021-ல், இளம் வித்துவான்களைப் பயிற்றும் ஸௌத்பாங்க் ஸின்போனியா என்ற வாத்தியக் குழுவுடன் ஒன்றாக இணைந்தது. கட்டிடமுள்ள ஸ்தாபனமும் அதில் என்றும் வாசிக்கும் குழுவும் ஒன்றாயிருப்பது நல்ல ஏற்பாடென்றே நாம் கருதுகிறோம். ஆளில்லாத மண்டபம் ஆளில்லாத ஆலயத்தைவிட எவ்விதத்திலும் மேலானதன்று.

ஆகவே நாம் வற்புறுத்துவது இது. முதலாவது, இருக்கும் சபைகள் தங்கள் ஆலயத்தைத் தாங்களே பழுது பார்த்துக்கொள்ள ஸர்க்கார் தாராளமாக உதவ வேண்டும். வரியைத் திருப்பிக் கொடுப்பதில் கைச்சுருக்கம் காட்டுவது, பின்னால் பத்து மடங்கு செலவுக்கு இடம் செய்வதாகும். இரண்டாவது, சபை உண்மையில் கலைந்துபோன இடத்தில் விற்பனையை யோசிக்கு முன் பொதுக் காரியத்தை யோசிக்க வேண்டும். மூன்றாவது, சங்கீத மண்டபமாக மாற்றுகையில் செய்யும் வேலை எதுவும் பிற்காலத்தில் எடுத்துவிடக் கூடியதாக இருக்க வேண்டும். ஆதிச் சிற்பி வைத்த கல்லை உடைத்தல் கூடாது. நான்காவது, வருஷத்தில் இத்தனை நாள் கட்டணமின்றிக் கச்சேரி, இத்தனை நாள் பிள்ளைகளுக்குப் பயிற்சி என்பதைப் பத்திரத்திலேயே எழுதி வாங்க வேண்டும். ஐந்தாவது, மராமத்துக்கென்று தனி மூலதனம் சேராத வரையில் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தல் கூடாது.

இவ்வைந்தையும் ஏற்று நடப்பவர்கள் பழைய ஆலயத்தைக் காத்தவர்களாவார்கள். ஏற்காதவர்கள் அதன் சுவர்களை மாத்திரம் காத்தவர்களாவார்கள். ஊரார் கொடுத்த பணத்தில் எழுந்த கட்டிடத்தின் கதவு ஊராருக்குத் திறந்தே இருக்க வேண்டும்.